நியூசிலாந்துக்கு வரும் பிசியோ தம்பிக்கு

தம்பி, கோவையில் பிசியோதெரபிப் பட்டமான பி.பி.டி. முடித்து வேலை பார்த்துவிட்டு ஆக்லாந்து வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். இங்கே பிசியோவாகப் பதிவு செய்ய, இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் பண்பாட்டை அறிந்து நடக்க வேண்டும் என்கிறார்களே, அது வெறும் சம்பிரதாயமா, பிற்பாடு ஆசிரியப் பணிக்குப் போக உதவுமா என்பது உங்கள் கேள்வி. சம்பிரதாயமே இல்லை. பிசியோ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் எனக்கு வேலையில் பாதி அதுதான்.

சட்டமே அப்படி. சுகாதாரப் பணியாளர்களுக்கான 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பண்பாட்டுத் திறனையும் தகுதியாக வைத்தது. 2019 திருத்தம் மாவோரி மக்களிடம் மரியாதையாகப் பழகத் தெரிவதைப் பெயர் சொல்லியே சேர்த்தது. மாவோரிகளின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிடச் சுமார் 7 ஆண்டு குறைவு. பிறகு எப்படிச் சும்மா இருப்பது? இதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர் இரிஹபெட்டி ராம்ஸ்டென் என்ற மாவோரி நர்ஸ். சிகிச்சை தனக்குப் பாதுகாப்பாக இருந்ததா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும் என்றார் அவர். டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பழகிய நமக்கு இதுதான் கஷ்டம்.

மாவோரிகளுக்குத் தலை புனிதமானது. கழுத்து வலிக்குக் கை வைக்கும் முன் கேளுங்கள். தலைக்கு வைத்த தலையணையைக் காலுக்கு அண்டை கொடுக்காதீர்கள். மேசைமேல் உட்காராதீர்கள். இவை சீக்கிரம் பழகிவிடும், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

முழங்கால் மாற்றிய ஒரு பாட்டிக்கு என் மாணவி 'படி ஏற வேண்டும்' என்று இலக்கு எழுதியிருந்தாள். பாட்டியிடமே கேள் என்றேன். அவருக்கு வேண்டியது, துக்க நாட்களில் மராயில், அதாவது அவர்களுடைய பொதுக்கூடத்தில், உறவினரோடு இரவு தங்குவது. அங்கே தரையில்தான் மெத்தை. படுக்க வேண்டும், விடியலில் ஆள் உதவியில்லாமல் எழ வேண்டும். தரையில் பாய் விரித்து வளர்ந்த நமக்கு அது சட்டென்று புரியும். அன்றே பயிற்சியை மாற்றினோம்.

சமத்துவம் என்பதை நான் 'நோயாளி வரவில்லை' என்ற குறிப்பிலிருந்துதான் கற்றுத்தருகிறேன். அதை எழுதும் முன் ஷிப்ட் வேலையா, பஸ் இருக்கிறதா, பிள்ளையை யாரிடம் விடுவார் என்று விசாரிக்கச் சொல்வேன். விபத்துக் காயத்துக்கு அரசின் விபத்துக் காப்பீட்டு அமைப்பான ஏ.சி.சி. பணம் கொடுக்கும், ஆனாலும் பல தனியார் கிளினிக்குகள் ஒவ்வொரு முறையும் மேல்தொகை வாங்குகின்றன. கூலிக்காரருக்கு அது பாரம். அதைப் பார்க்காமல் 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதுவது அநியாயம்.

சரி, ஆசிரியப் பணி. முதலில் கிளினிக்கில் நிலைகொள்ளுங்கள். அப்புறம் அங்கே பயிற்சிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வையிடக் கேளுங்கள். டனீடினில் ஒட்டாகோ, ஆக்லாந்தில் ஏ.யூ.டி. என இரண்டு பல்கலைக்கழகங்களிலும் பிசியோ படிப்பு உண்டு. அங்கே அறிமுகமாக இந்த மேற்பார்வை நல்ல வழி. விமானம் ஏறும் முன்பே மாவோரிப் பெயர்களைச் சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். ஆக்லாந்தில் எந்தப் பகுதியில் தங்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள், பக்கத்தில் மராய் வருகைக்கு அழைத்துப்போகிறவர்களைச் சொல்கிறேன்.