ஒப்பந்தம் பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் முடிகிறதே!

துபாயில் பத்தொன்பது ஆண்டுகள் வேதியியல் நடத்திவிட்டு ஸ்ரீரங்கம் திரும்பியிருக்கும் ஆசிரியை, வாசகர்களின் கல்விக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். என் கணவர் போன அக்டோபரில் துபாய் ஜெபல் அலியில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருட ஒப்பந்தம். நானும் மகனும் ஏப்ரலில் போகிறோம். அவன் இங்கே மெட்ரிக் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். நன்றாகப் படிப்பான், கூடைப்பந்து விளையாடுவான். இந்தி தெரியாது. அவனை டாக்டராக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அங்கேயே இருக்கும் என் நாத்தனார், "வர்றதே வர்றீங்க, ஐ.பி. ஸ்கூல்ல போடுங்க, உலகத்துல எங்க வேணாலும் சீட் கிடைக்கும்" என்கிறார். கணவர் ஒரு பிரிட்டிஷ் பள்ளியைப் பார்த்துவிட்டு நீச்சல் குளம், ரோபோ லேப் எல்லாம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். எதில் சேர்க்கலாம்?
– ஈரோடு வாசகி

பதில்: கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் செய்தது, விரல் விட்டு எண்ணியதுதான். ஒப்பந்தம் தொடங்கியபோது பையன் எட்டாவது. அடுத்த அக்டோபரில் ஒன்பது, அதற்கடுத்து பத்து, மூன்றாவது அக்டோபரில் பதினொன்று. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாவிட்டால் பதினொன்றாம் வகுப்பின் நடுவில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். நீச்சல் குளம் எத்தனை அடி ஆழம் என்பதெல்லாம் அப்புறம். அந்த அக்டோபரில் எந்தப் பாடத்திட்டத்திலிருந்து முழங்கால் உடையாமல் இறங்க முடியும் என்று பாருங்கள்.

நாத்தனார் சொல்வது பொய்யில்லை. ஐ.பி. என்பது இன்டர்நேஷனல் பக்கலாரியட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம். அதன் டிப்ளமோ கனமான படிப்பு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் நல்ல மதிப்பு. ஆனால் அது பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் சேர்த்து ஓடும் இரண்டு வருடப் படிப்பு, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். உங்கள் பையன் அதில் இரண்டு மாதம் படித்திருப்பான், ஒப்பந்தம் முடிந்துவிடும். அதே பாடங்களை அதே நிலையில் நடத்தும் இன்னொரு ஐ.பி. பள்ளியை ஈரோட்டுப் பக்கம் எங்கே போய்த் தேடுவீர்கள்? இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஐ.பி.யில் பத்தாவது முடிவில் நம்மூர் மாதிரி பொதுத் தேர்வு கட்டாயமில்லை. பல பள்ளிகளில் பள்ளியே தரும் ரிப்போர்ட்தான். திரும்பி வந்து பிளஸ் ஒன் கேட்டால், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு "டென்த் மார்க் ஷீட் எங்கம்மா?" என்பார் ஹெட்கிளார்க்.

டாக்டர் கணக்கும் இடிக்கிறது. ஐ.பி.யில் ஆறு பாடம். இரண்டு மொழி, ஒரு சமூக அறிவியல், ஒரு அறிவியல், ஒரு கணிதம், ஆறாவதாகக் கலைப் பாடம். அந்தக் கலைப் பாடத்துக்குப் பதில் இன்னொரு அறிவியல் எடுக்கலாம், ஆக வழக்கமாக இரண்டு அறிவியல்தான். நம் மருத்துவப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மூன்றையும் எடுக்க ஐ.பி.யில் தனி அனுமதி வாங்க வேண்டும், அதற்குப் பள்ளி மனம் வைக்க வேண்டும். நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 உயிரியல். அவற்றில் பெரும்பாலானவை சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடத்தும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரி வரியாகப் படித்தவனுக்குத்தான் வசப்படும். ஐ.பி. பிள்ளைக்கு நாலாயிரம் வார்த்தையில் ஆய்வுக் கட்டுரை எழுத வரும். அது பெரிய திறமைதான், ஆனால் நீட் அறையில் அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

பிரிட்டிஷ் பள்ளியைப் பற்றிச் சொல்லும்போது என் சொந்தக் கதை வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே என் மகளை பிரிட்டிஷ் பள்ளியில் போட்டேன். 2007 செப்டம்பரில் இயர் டென். அவர்களுடைய இயர் டென் நம் ஒன்பதாவது, ஒரு எண் கூடுதலாக இருக்கும். இதைத் தெரியாமல் "என் பையன் டபுள் புரமோஷன்" என்று சந்தோஷப்பட்ட அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளியின் நாடக அரங்கைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். 2009 தொடக்கத்தில் துபாயில் கட்டுமானம் படுத்தது, என் கணவருக்கு வேலை போனது. அவர் திருச்சிக்கு வந்துவிட்டார். அவர்களுடைய பத்தாவது பொதுத் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ. பரீட்சை மே, ஜூனில். நானும் மகளும் ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டுக் கராமாவில் ஒரு குடும்பத்தோடு அறையைப் பகிர்ந்துகொண்டு இருந்தோம். கடைசி டெர்ம் ஃபீஸுக்கு என் இரட்டைவடச் சங்கிலி போனது. பரீட்சையை நன்றாகத்தான் எழுதினாள். ஐ.ஜி.சி.எஸ்.இ. முடிவு ஆகஸ்டில் வரும். இங்கே பிளஸ் ஒன் ஜூனிலேயே தொடங்கிவிட்டது. ரிசல்ட்டும் இல்லாமல், அது நம் பத்தாவதுக்குச் சமம் என்று காட்டும் சமநிலைச் சான்றும் இல்லாமல் ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்கினோம். ஒருவழியாக இடம் கிடைத்தபோது வகுப்பில் முதல் இடைத்தேர்வே முடிந்திருந்தது. முதல் மாதம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசியபோது, "உனக்கு அந்த ஸ்டேஜ் புடிச்சிருந்துதும்மா, எனக்கு இல்ல" என்றாள்.

அந்தப் பாடத்திட்டம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய பிளஸ் ஒன், பிளஸ் டூவான ஏ லெவலில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் தாராளமாக எடுக்கலாம், சோதனைக்கூடப் பயிற்சி நம் பள்ளிகளைவிட ஒரு படி மேல். காலண்டர்தான் வில்லன். நீங்கள் ஏப்ரலில் போகிறீர்கள், அவர்கள் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். இடைப்பட்ட மாதங்களில், நாற்பது டிகிரி வெயிலில், பதினாலு வயதுப் பையன் ஃப்ளாட்டுக்குள் என்ன செய்வான்? துபாயில் உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகள் நம்மைப் போல ஏப்ரலில் தொடங்குகின்றன.

ஆகவே என் பதில்: சி.பி.எஸ்.இ., இந்த ஏப்ரலிலேயே, ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளிலிருந்து. முதல் நாள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சி.பி.எஸ்.இ.க்கு ஒன்பதும் பத்தும் சேர்த்து ஒரே படிப்பு, பெயர்ப் பதிவே ஒன்பதாவதில் நடக்கும். மெட்ரிக்கில் ஒன்பதாவதை முடித்துவிட்டு நேராகப் பத்தில் சேரப் போனால் வாரியத்தின் அனுமதிக்கு அலைய வேண்டிவரும். "இன்னும் ஒரு வருஷம் பாட்டி வீட்டில் இருக்கட்டும்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பதினொன்றின் நடுவில் திரும்ப நேர்ந்தால், அப்பாவின் வேலை மாற்றத்தைக் காட்டி இங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு மாற வழி இருக்கிறது. புத்தகமும் அதேதான்.

இப்போது உங்களுக்கு வரப்போகும் நிஜத் தலைவலி, மொழி. அங்கே சி.பி.எஸ்.இ.யில் இரண்டாம் மொழியாக இந்தி, மலையாளம், பிரெஞ்சு, அரபி என்று வைத்திருப்பார்கள். தமிழ் எல்லாப் பள்ளியிலும் இருக்காது. வாரியத்தின் பட்டியலில் தமிழ் உண்டு, ஆனால் நடத்த ஆசிரியர் வேண்டுமே. இந்தி அரிச்சுவடியே தெரியாத பிள்ளையை ஒன்பதாவது இந்தியில் உட்கார வைத்தால், கணக்கில் நூறு வாங்குகிறவனும் கூனிக் குறுகிவிடுவான். பிரெஞ்சும் ஆறாவதிலிருந்து படித்தவர்களோடுதான் இருக்கும். இது போக, அமீரகத்தின் தனியார் பள்ளிகளில் அரபு அல்லாத பிள்ளைகளும் ஒன்பதாம் வகுப்பு வரை அரபி படிக்க வேண்டும். உங்கள் பையனுக்கு அது ஒரு வருடம்தான், தப்பித்தான். பள்ளிக்குப் போன் செய்யும்போது ஃபீஸைக் கேட்பதற்கு முன்னால், "ஒன்பதாவதில் புதிதாகச் சேர்கிற, இந்தி தெரியாத பிள்ளைக்கு இரண்டாம் மொழி என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் அடுத்த பள்ளிக்குப் போன் போடுங்கள்.

பள்ளியின் தரத்தைப் பார்க்க யாரையும் கெஞ்ச வேண்டாம். துபாயில் கே.எச்.டி.ஏ. என்ற கல்வி ஆணையம் இருக்கிறது. அவர்கள் சோதனைக்கு வந்து எழுதும் அறிக்கை பள்ளிவாரியாக இணையத்தில் கிடைக்கும். 'அவுட்ஸ்டாண்டிங்' முதல் 'வெரி வீக்' வரை ஆறு படிகள். மேலே பெரிதாகப் போட்டிருக்கும் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே பாடவாரியாக, பிரிவுவாரியாக அட்டவணை இருக்கும். கே.ஜி.யில் பிரமாதமாகவும் மேல்நிலை அறிவியலில் சுமாராகவும் உள்ள பள்ளிகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது மேல்நிலை வரிசை. அறிக்கை எந்த ஆண்டுடையது என்றும் பாருங்கள். பழையதாக இருந்தால், அதற்குப் பிறகு பிரின்சிபால் மாறினாரா என்று விசாரியுங்கள்.

வீடு பார்ப்பதைப் பள்ளிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பள்ளிகள் பல அல் குசைஸ் பக்கம், ஷார்ஜா எல்லையில். ஜெபல் அலி ஊரின் இன்னொரு கோடி. காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறும் பையன் எப்போது கூடைப்பந்து ஆடுவான்? ஜெபல் அலிப் பக்கமும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இருக்கின்றன, முதலில் அவற்றுக்கு விண்ணப்பியுங்கள். கணவரின் வேலைக் கடிதத்தில் கல்விப் படி எவ்வளவு, பஸ்ஸும் சீருடையும் அதில் அடக்கமா என்றும் படித்துப் பாருங்கள். மேல் வகுப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் திர்ஹமைத் தாண்டும் பள்ளிகள் அந்த ஊரில் உண்டு. படி நின்றுபோனால் சொந்தக் காசில் கட்ட முடிகிற பள்ளியாகப் பாருங்கள். என் சங்கிலி ஞாபகம் இருக்கட்டும்.

கிளம்பும் முன் தாலுகா ஆபீஸ் வேலையையும் முடித்துவிடுங்கள். பிறப்பிடச் சான்று, 'நேட்டிவிட்டி' என்று கேட்டால்தான் அங்கே புரியும். நாளை தமிழ்நாட்டு மருத்துவ ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தான் என்று பார்ப்பார்கள். வெளியே படித்த நம் ஊர்ப் பிள்ளைக்கு அந்தச் சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் தேவைப்படும். டி.சி.க்கு எத்தனை முத்திரை வேண்டும் என்பதைச் சேரப்போகும் பள்ளியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் நாத்தனார் பேசுகிறார், கணவர் படம் அனுப்புகிறார், நீங்கள் ஆசைப்படுகிறீர்கள். பையன் ஒரு வரிகூடப் பேசவில்லை. டாக்டர் என்பது அவன் சொன்னதா? நான் சொன்ன கணக்கில் பாதி அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. அவனுக்கு வேறு நாட்டில் வேறு படிப்புதான் ஆசை, ஒப்பந்தமும் நீளும் என்று கம்பெனி எழுதித் தருகிறது என்றால், செப்டம்பர் வரை காத்திருந்து பிரிட்டிஷ் பள்ளியில் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, டி.வி.யை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: தோஹாவில் ஒரு பிரிட்டிஷ் பள்ளியில் என் மகளுக்கு (வயது 13) 'கேட் ஃபோர்' தேர்வு வைத்து, "ஃபெயில், இடமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பில் முதல் மாணவி அவள். அழுதுகொண்டே இருக்கிறாள்.
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: 'கேட் ஃபோர்' என்பது யோசிக்கும் திறனை அளக்கும் தேர்வு, அதில் பாஸ், ஃபெயில் கிடையாது என்று முதலில் மகளிடம் சொல்லுங்கள். சொற்கள், எண்கள், வடிவங்கள், இடவுணர்வு என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் அந்த வயதுப் பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்து மதிப்பெண் போடுவார்கள். பகுதிவாரியான ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். எண்ணிலும் வடிவத்திலும் நன்றாக வாங்கி, சொற்கள் பகுதியில் மட்டும் இறங்கியிருந்தால், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை அவள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அந்தத் தாளோடு அடுத்த பள்ளிக்குப் போய், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். "உண்டு, வாரத்தில் இத்தனை மணி நேரம்" என்று எண்ணோடு பதில் சொல்கிற பள்ளியில் விண்ணப்பம் வாங்குங்கள்.