ஒரு மாதமாகக் கதைக்கவில்லை, இனி எப்படித் தொடங்குவது?

கேள்வி: என் ஊர் முள்ளியவளை. கிளிநொச்சி அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ரொறன்ரோவில் பொறியியலாளராக இருக்கும் எங்கட ஊர் அண்ணா ஒருவர் எனக்கு வழிகாட்டுகிறார். ஞாயிறு தவறாமல் கதைப்போம். போன செமஸ்டரில் ஒரு பாடம் பெயில். அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு மாதமாக நான் கோல் எடுக்கவில்லை. இப்போது அவரும் எடுப்பதில்லை. அவ்வளவுதானா?

பதில்: இல்லைத் தங்கச்சி. சோதனை நேரம், குழப்பக்கூடாது என்றுகூட அவர் பேசாமல் இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார்; தூரத்தில் இருப்பவருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். தள்ளிப்போடப் போடச் சொல்லவேண்டிய விளக்கமும் நீளும். ஆகவே இந்தக் கிழமையே எழுதுங்கள்.

நீண்ட மன்னிப்புக் கடிதம் வேண்டாம். அவரை அது சங்கடத்தில்தான் விடும். இவ்வளவு போதும்: "அண்ணா, ஒரு பாடம் பெயில். சொல்ல வெட்கமாக இருந்தது. திரும்ப எழுதப்போகிறேன். இந்தக் கணக்கில் மூன்றாவது படியில் நிற்கிறேன், செய்த பக்கத்தை அனுப்பியிருக்கிறேன். ஞாயிறு 20 நிமிடம் கதைக்கலாமா?" கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். அவர் உடனே செய்யக்கூடிய ஒரு வேலை அதில்தான் இருக்கிறது. பக்கத்தை வட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கி, பென்சில் எழுத்து மங்கிவிடும்.

பிறகு ஒழுங்கை மாற்றுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் என்பது இரண்டு பேருக்கும் பாரம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். இங்கே இரவு 7.30 என்றால் அங்கே கோடையில் காலை 10 மணி, குளிர்காலத்தில் 9. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள். ஒருவர் காத்திருந்து மனம் நோவது அந்த நாட்களில்தான். முதல் நாளே நேரத்தைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

வியாழக்கிழமை மூன்று வரி அனுப்புங்கள்: போனமுறை சொன்னதில் எது செய்தேன், எது செய்யவில்லை, இந்தமுறை என்ன கேட்கப்போகிறேன். "எப்படிப் படிப்பது?" என்று கேட்டால் புத்திமதிதான் வரும். "இப்படிச் செய்து பார்த்தேன், இந்த இடத்தில் பிழைக்கிறது" என்று கேட்டால் விடை வரும். கதைத்து முடிந்த அன்றே, முடிவானதை இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். பிழையாக விளங்கியிருந்தால் அவர் அப்போதே திருத்துவார்.

வீட்டில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் வீடியோவை நிற்பாட்டிக் குரலில் மட்டும் கதையுங்கள். அதுவும் அறுந்தால் இரண்டு நிமிடக் குரல் பதிவு, ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி. பத்து நிமிடப் பதிவை வேலைக்கு நடுவில் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று. இந்தக் கதையெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்தே நடக்கட்டும். படிப்புக்குச் சம்பந்தமில்லாத நள்ளிரவுச் செய்திகள் வரத் தொடங்கினால், அவர் எவ்வளவு உதவியிருந்தாலும் பதில் போடத் தேவையில்லை; உடனே வீட்டில் சொல்லுங்கள். மடிக்கணினி, காசு என்று நீங்களும் கேட்காதீர்கள். கேட்டபிறகு, பெயிலான பாடத்தைப் பற்றி மனம்விட்டுச் சொல்வது இன்னும் கடினமாகும்.

தொழிற்பயிற்சிக்குக் கொழும்பில் எந்த நிறுவனம் நல்லது, எந்த விரிவுரையாளரிடம் என்ன கேட்பது என்பதெல்லாம் ரொறன்ரோவில் இருப்பவருக்குத் தெரியாது. அதற்கு உங்கள் பீடத்திலேயே நான்காம் வருட அக்கா ஒருவரைப் பிடியுங்கள்.