ஜியோகாஷிங்: போன் "இங்கேதான்" என்கிறது, பெட்டியைக் காணோமே, ஏன்?

ஜியோகாஷிங் என்பது ஒருவர் ஒளித்துவைத்த சின்னப் பெட்டியை ஜிபிஎஸ் புள்ளியை வைத்து இன்னொருவர் தேடிப்பிடித்து, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைக்கிற விளையாட்டு. 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியதும் தொடங்கியது. ஆனால் பிழை முழுசாகப் போய்விடவில்லை. வெட்டவெளியிலேயே போன் 5 மீற்றர் அளவு தள்ளிக் காட்டும், பாலை மரத்தடிக்குப் போனால் இன்னும் மோசம், ஏனென்றால் செய்மதிச் சிக்னல் இலையிலும் கிளையிலும் பட்டு வலுவிழந்துதான் வருகிறது.

வழி கேட்டால் "குளக்கட்டால போய் முதல் வளவு" என்பார்களே, அது மாதிரித்தான். வளவு வரை சரி, படலையைத் தேடுவது உங்கள் வேலை. கடைசிப் பத்து மீற்றரில் போனைப் பொக்கற்றில் போட்டுவிட்டுக் கண்ணைப் பாவியுங்கள்: வேர் இடுக்கில் மூன்று கற்கள் இயல்புக்கு மாறாக ஒழுங்காக அடுக்கியிருந்தால், பெட்டி பெரும்பாலும் அங்கேதான்.

வன்னியில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால், புள்ளி பத்தடியில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

அப்புறம், புதையல் என்று மண்வெட்டியோடு கிளம்பாதீர்கள், இது தோண்டுகிற விளையாட்டே இல்லை, பெட்டி பொந்து, கல்லிடுக்கு மாதிரி இடங்களில்தான் இருக்கும்.