எர்லி டிசிஷன் போட்டாயிற்று, இப்போது தூக்கம் வரவில்லை

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, மகளுக்கு அவரைச் சார்ந்த எச்-4. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நவம்பர் 1-ஆம் தேதி ப்ரௌன் பல்கலைக்கழகத்துக்கு எர்லி டிசிஷனில், அதாவது இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று உறுதி கொடுத்து முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறையில், விண்ணப்பித்தாள். எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் 1520, பள்ளி மதிப்பெண்களும் நன்றாகவே இருக்கின்றன. உதவித்தொகை கேட்டிருக்கிறோம்; அதனாலேயே வாய்ப்பு குறைந்துவிடுமோ என்று எனக்கு உறுத்தல். அனுப்பிய பிறகு கட்டுரையில் ஓர் எழுத்துப்பிழையைப் பார்த்துவிட்டு அழுதாள். தினமும் இரவு ஒரு மணி வரை இணையத்தில் மற்ற பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேறு கல்லூரிகளுக்கு எழுதச் சொன்னால், "முதலில் இது தெரியட்டும்மா" என்கிறாள். அவளுக்கு இடம் கிடைக்குமா? நாங்கள் இப்போது என்ன செய்யலாம்?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற கல்லூரிகளுக்கான கட்டுரைகளை உங்கள் மகள் இந்த வாரமே எழுதத் தொடங்க வேண்டும். எர்லி டிசிஷன் முடிவு டிசம்பர் நடுவில் வரும். பெரும்பாலான தனியார் பல்கலைக்கழகங்களின் வழக்கமான சுற்றுக்குக் கடைசித் தேதி ஜனவரி முதல் வாரம். இடையில் இருப்பது இரண்டரை வாரம், அதுவும் பண்டிகை விடுமுறை. "இல்லை" என்ற பதிலைப் படித்த மறுநாள் காலையில் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை உட்கார்ந்து எட்டுக் கல்லூரிகளுக்குக் கட்டுரை எழுதுவது எவ்வளவு கொடுமை என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மனம் ஓரளவு நிம்மதியாக இருக்கும் நவம்பரில் எழுதியவை எப்போதும் நன்றாக இருக்கும். ப்ரௌனில் இடம் கிடைத்துவிட்டால் அந்தக் கட்டுரைகள் வீணாகும், அவ்வளவுதான். வீணாகட்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ப்ரௌன் வெளியிட்ட எண்களையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் எர்லி டிசிஷனில் விண்ணப்பித்தவர்கள் 5,048 பேர். இடம் பெற்றவர்கள் 906 பேர், அதாவது ஏறக்குறைய 18 சதவீதம். அந்த ஆண்டு எல்லாச் சுற்றுகளையும் சேர்த்து 42,765 விண்ணப்பங்கள் வந்தன, 2,418 பேருக்குச் சேர்க்கை கிடைத்தது. முதல் சுற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மற்றவர்களின் விகிதம் சுமார் 4 சதவீதம். பதினெட்டு எங்கே, நான்கு எங்கே! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பாதிக் குடும்பங்கள் எர்லி டிசிஷனுக்குக் கையெழுத்துப் போடுகின்றன.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டையும் பாருங்கள். 2023 நவம்பரில் 6,244 பேர் விண்ணப்பித்தார்கள், 898 பேருக்கு இடம் கிடைத்தது. அது 14.4 சதவீதம். ஒரே ஆண்டில் 14.4 எப்படி 18 ஆனது? இடம் கூடியதா? எட்டே எட்டு. கூடியது இடம் இல்லை, குறைந்தது கூட்டம். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை ப்ரௌன் மறுபடியும் கட்டாயமாக்கிய பிறகு நடந்த முதல் சுற்று அது. சுமாரான மதிப்பெண் வைத்திருந்த பலர் விண்ணப்பிக்காமல் ஒதுங்கிக்கொண்டதே இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எண் அழகாக மாறியது, மீதமிருந்தவர்களுக்குள் போட்டி அப்படியேதான் இருந்தது. ஆகவே 18 சதவீதம் என்பது உங்கள் மகளின் வாய்ப்பு இல்லை. அது ஒரு கூட்டத்தின் சராசரி.

அந்தக் கூட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ப்ரௌனுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டு அணிகள் உண்டு. பயிற்சியாளர்கள் முன்பே பேசிவைத்த வீரர்கள் பெரும்பாலும் இந்தச் சுற்றில்தான் விண்ணப்பிப்பார்கள். முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் இங்கேதான் அதிகம். இவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பிள்ளைக்கு விகிதம் 18-ஐ விடக் குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு குறைவு என்பதைப் பல்கலைக்கழகம் பிரித்துச் சொல்வதில்லை.

அப்படியானால் எர்லி டிசிஷனில் பலனே இல்லையா? இருக்கிறது. ஹார்வர்ட் பேராசிரியர்கள் கிறிஸ்டோபர் ஏவரி, ரிச்சர்ட் செக்ஹௌசர் இருவரும் ஆண்ட்ரூ ஃபேர்பேங்க்ஸும் சேர்ந்து செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. ஒரே தகுதி உள்ள இருவரை ஒப்பிட்டால், முன்கூட்டியே விண்ணப்பிப்பது எஸ்ஏடியில் ஏறத்தாழ 100 மதிப்பெண் கூடுதலாக வாங்குவதற்குச் சமமான பலன் தருகிறது என்று கண்டார்கள். பழைய ஆய்வுதான், ஆனால் காரணம் இன்றும் மாறவில்லை. எர்லி டிசிஷனில் சேர்க்கை கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். ப்ரௌனின் முதலாண்டு வகுப்பு ஏறத்தாழ 1,700 பேர். 906 இடம் டிசம்பரிலேயே நிரம்பிவிட்டது. மீதி சுமார் 800 இடத்தை நிரப்ப, அடுத்த சுற்றில் 1,512 பேருக்குச் சேர்க்கை கொடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் வேறு இடம் போய்விடுவார்கள். வருவது உறுதி என்று எழுதிக்கொடுக்கும் பிள்ளையைக் கல்லூரிக்குப் பிடிப்பது இதனால்தான். பணம் பற்றி யோசிக்காமல் கையெழுத்துப் போட முடிந்த குடும்பங்களுக்குத்தான் இது அதிகம் உதவுகிறது என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் இப்படிப்பட்ட காரணத்தைச் சொல்லி 2006-இல் தங்கள் முன்கூட்டிய சேர்க்கையை நிறுத்துவதாக அறிவித்தன. 2011-இல் இரண்டுமே திரும்பக் கொண்டுவந்துவிட்டன.

உங்கள் மகளின் 1520 ப்ரௌனில் சேர்ந்தவர்களின் வழக்கமான வரம்புக்குள்தான் இருக்கிறது. அந்த மதிப்பெண்ணைக் காரணம் காட்டி யாரும் அவளை ஒதுக்க மாட்டார்கள். அதற்காகவே எடுக்கவும் மாட்டார்கள். இந்த இடத்துக்கு மேல் முடிவு செய்பவை வேறு. அவள் பள்ளியில் எவ்வளவு கடினமான பாடங்களை எடுத்தாள், ஆசிரியர்கள் என்ன எழுதினார்கள், அவள் கட்டுரையில் ஒரு மனுஷி தெரிகிறாளா, இவைதான். ப்ரௌனில் 1969 முதல் கட்டாயப் பொதுப்பாடங்கள் கிடையாது. மாணவரே தன் படிப்பை வகுத்துக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரத்தை வைத்து என்ன செய்வாய் என்ற கேள்விக்கு அவள் எழுதிய பதில் எந்தச் சதவீதத்தையும் விட அதிகம் பேசும்.

இணையத்தில் பிள்ளைகள் தங்கள் மதிப்பெண்ணைப் போட்டு "எனக்குக் கிடைக்குமா" என்று கேட்கும் பதிவுகளில் கட்டுரையும் கிடையாது, ஆசிரியர் கடிதமும் கிடையாது. சாதித்தவர்கள்தான் அதிகம் எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டுத் தன்னை எடைபோடுவது அவளுக்கு அவளே செய்துகொள்ளும் அநியாயம். எண் பார்த்தே ஆக வேண்டும் என்றால், பள்ளியின் கவுன்சிலரிடம் (மாணவர் வழிகாட்டியிடம்) நேவியன்ஸ் போன்ற மென்பொருளில், அதே பள்ளியிலிருந்து முன்பு விண்ணப்பித்தவர்களின் விவரம் பெயரில்லாமல் இருக்கும். அதை ஒரு முறை பார்க்கட்டும், ஒரு முறை மட்டும். அப்புறம் இரவு பதினோரு மணிக்கு மடிக்கணினி உங்கள் அறைக்கு வந்துவிட வேண்டும். கண்டிப்பு என்று நினைக்காதீர்கள். டிசம்பரில் அவளுக்குப் பள்ளித் தேர்வுகள் இருக்கின்றன, அந்த மதிப்பெண்களும் கல்லூரிக்குப் போகும்.

எழுத்துப்பிழையை விட்டுவிடுங்கள். ஒரு எழுத்து மாறிப்போனதற்காக யாரும் ஒரு பிள்ளையைத் தள்ளுவதில்லை. எடுக்காத பாடத்தை எடுத்ததாகவோ தேதியைத் தவறாகவோ எழுதியிருந்தால்தான் விண்ணப்பப் பக்கம் வழியாக இரண்டு வரியில் திருத்தம் அனுப்ப வேண்டும்.

உதவித்தொகை விஷயத்தில் உங்கள் உறுத்தல் நியாயமானது, ஆனால் ப்ரௌனைப் பொறுத்தவரை தேவையில்லை. எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை எடிசனிலேயே வளர்ந்திருந்தாலும் சேர்க்கையில் வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் வருவாள். அமெரிக்க அரசின் கல்வி உதவியும் கிடையாது. வெளிநாட்டு மாணவர்கள் பணம் கேட்டால் அதையும் எடைபோடும் பல்கலைக்கழகங்கள்தான் அதிகம். பென்சில்வேனியா, கொலம்பியா, கார்னெல், டியூக் எல்லாம் அப்படித்தான். ப்ரௌன் 2024 நவம்பரில் விண்ணப்பித்தவர்களிலிருந்து அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட் ஆகியவையும் இப்படியே பணத் தேவையைப் பார்க்காமல் எடுக்கின்றன. அவளுடைய அடுத்த பட்டியலைப் போடும்போது இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள். அதோடு உங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸையும் சேருங்கள். பல மாநிலங்களில் எச்-4 பிள்ளைகளும் உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். ரட்கர்ஸின் சேர்க்கை அலுவலகத்தில் உங்கள் நிலைமையைச் சொல்லி நேரடியாகக் கேளுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் நீங்களும் உங்கள் கணவரும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இன்று பல தனியார் பல்கலைக்கழகங்களில் ஆண்டுச் செலவு 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. உதவித்தொகைக்காக நிரப்பிய சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் படிவத்தை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். ஊரில் வீடோ மனையோ இருந்தால் அதைக் காட்டியிருக்க வேண்டும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் மருத்துவத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள் என்றால், வருமானக் கணக்கில் அது தானாகத் தெரியாது. சிறப்புச் சூழ்நிலைக்கான பகுதியில் எழுத வேண்டும். விட்டுப்போயிருந்தால் உதவித்தொகை அலுவலகத்துக்கு இப்போதே கடிதம் அனுப்புங்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து, ஆண்டுக்கு இவ்வளவுதான் முடியும் என்று ஒரு தொகையைத் தாளில் எழுதி வையுங்கள். மகளுக்கும் அதைச் சொல்லுங்கள்.

இதை இப்போதே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எர்லி டிசிஷன் ஒப்பந்தத்தில் அவளோடு நீங்களும் பள்ளிக் கவுன்சிலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். கொடுக்கும் உதவி போதவில்லை என்றால் மட்டும் விலகலாம். அதற்கும் முதலில் உதவித்தொகை அலுவலகத்தோடு பேசி, மறுபரிசீலனை கேட்டுப் பார்க்க வேண்டும். தாளில் எழுதிய தொகை கையில் இருந்தால் அந்தப் பேச்சு எளிதாக இருக்கும். மனம் மாறிவிட்டது என்று காரணமில்லாமல் விலகினால், அடுத்த ஆண்டு அதே பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளைத்தான் அது பாதிக்கும். கிடைத்துவிட்டால் விசா பற்றியும் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். எச்-4 இருபத்தொரு வயதில் முடிந்துவிடும், அதில் இருக்கும்வரை வளாகத்தில் வேலையும் செய்ய முடியாது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு எப்போது மாறுவது என்பதை அப்போதே தீர்மானிக்கலாம்.

கிடைக்கவில்லை என்றால் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. சிகாகோ, வாண்டர்பில்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற இடங்களில் ஜனவரி தொடக்கத்தில் இரண்டாவது எர்லி டிசிஷன் உண்டு. ஆனால் அழுகை ஓயும் முன் அதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அதுவும் இதே போலக் கட்டுப்படுத்தும். அந்தக் கல்லூரி அவளுக்கு உண்மையில் பிடித்திருந்து, அங்கே உதவித்தொகை கேட்பது வாய்ப்பைக் குறைத்தாலும் பரவாயில்லை என்று நீங்கள் நினைத்தால் மட்டும் யோசியுங்கள்.

மூன்றாவதாக, ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் ப்ரௌன் அவள் விண்ணப்பத்தை வழக்கமான சுற்றுக்குத் தள்ளிவைக்கலாம். அதுவும் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலைதான். மார்ச் கடைசியில் கிடைத்தால் மற்றக் கல்லூரிகளோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். அப்படி வந்தால், இன்னும் ப்ரௌனில்தான் விருப்பம் என்றும் நவம்பருக்குப் பிறகு புதிதாக என்ன செய்தாள் என்றும் ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் எழுதட்டும். அவளே எழுத வேண்டும், நீங்கள் இல்லை. பள்ளியிலிருந்து அரையாண்டு மதிப்பெண்கள் போகும் சமயத்தில் அதையும் அனுப்பினால் போதும். அதன் பிறகு அவர்களுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம், அலுவலகத்துக்குத் தொலைபேசியிலும் கூப்பிட வேண்டாம்.