தலை மேலே இருக்கும் குழந்தை: சுகப்பிரசவமா, சிசேரியனா?

கேள்வி: இது எனக்கு இரண்டாவது கர்ப்பம், 36 வாரங்கள் முடிந்துவிட்டன. முதல் குழந்தை நான்கு ஆண்டுகளுக்கு முன் 3 கிலோ எடையுடன் சுகப்பிரசவத்தில் பிறந்தது. இப்போது எடுத்த ஸ்கேனில் குழந்தையின் தலை மேலேயும் பிட்டம் கீழேயும் இருப்பதாகவும், இரண்டு கால்களும் முகத்தை நோக்கி நீண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். 39ஆவது வாரத்தில் சிசேரியன் செய்துவிடலாம் என்கிறார் மருத்துவர். முதல் பிரசவம் எளிதாக நடந்த எனக்கு இதுவும் அப்படியே நடக்காதா?

பதில்: நடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் குழந்தை இருக்கும் நிலை, பிரசவம் பார்ப்பவரின் அனுபவம், அந்த மருத்துவமனையின் வசதி ஆகிய மூன்றும் பொருந்தி வந்தால்தான் அதற்கு நான் சம்மதம் சொல்வேன். சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டையும் விட முதலில் யோசிக்க வேண்டிய வழி ஒன்று உண்டு. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிய பேச்சே இல்லை என்பதால் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

28 வாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை இப்படித் தலையை மேலே வைத்துத்தான் இருக்கும். மாதம் நிறையும்போது பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே திரும்பிவிட, நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு மட்டும் அப்படியே நின்றுவிடும். நீங்கள் படுத்த விதமோ செய்த வேலையோ இதற்குக் காரணம் அல்ல. நஞ்சுக்கொடி கீழே இருப்பது, பனிக்குட நீர் கூடுவது அல்லது குறைவது, கருப்பையின் வடிவம் என்று சிலருக்குக் காரணம் தெரியவரும். பலருக்கு எதுவும் தெரியவராது.

சுகப்பிரசவத்துக்கு ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, குழந்தை வெளிவரும் வரிசையை நினைத்துப் பாருங்கள். வழக்கமான பிரசவத்தில், குழந்தையின் உடலிலேயே பெரியதும் கடினமானதுமான தலை முதலில் இறங்குகிறது. பல மணி நேர வலியில் அது இடுப்பெலும்புக்குத் தக்கபடி மெல்ல வடிவம் மாறி, பின்னால் வரும் உடலுக்கு வழி திறந்துவிடுகிறது. பிட்டம் முதலில் வரும்போது இந்த வரிசை மாறிவிடுகிறது. மென்மையான பிட்டமும் உடலும் வெளியே வந்துவிட்ட பிறகு, வடிவம் மாற அவகாசமே கிடைக்காத தலை கடைசியில் வர வேண்டும். தொப்புள் வெளியே தெரிந்த அந்தக் கட்டத்தில் தொப்புள்கொடி தலைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நசுங்கத் தொடங்கியிருக்கும்; தலை வெளிவரச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. பழகிய மருத்துவர் அந்த நேரத்தில் பெரும்பாலும் கையை எடுத்துக்கொண்டு, குழந்தை தன் எடையாலும் தாயின் முக்கலாலும் இறங்க விட்டுவிடுவார். தேவைப்படும்போது மட்டும் தோளைச் சுழற்றி விடுவித்து, தலை குனிந்தபடியே வருமாறு பிடிப்பார். பழகாதவர் பதற்றத்தில் இழுத்துவிட்டால் கைகள் மேலே தூக்கிக்கொள்ளும், தலை நிமிர்ந்துவிடும், வழி அடைபடும். முதல் பிரசவம் எளிதாக நடந்தது உங்களுக்குச் சாதகமான செய்திதான். ஆனாலும் அந்தச் சில நிமிடங்களின் ஆபத்தை அது முழுவதும் நீக்கிவிடாது.

இப்போது நான் சொல்ல வந்த வழிக்கு வருகிறேன். வயிற்றின் மேலிருந்தே கைகளால் மெதுவாக அழுத்தி, குழந்தையைக் குட்டிக்கரணம் அடிக்க வைப்பதுபோல் தலையைக் கீழே கொண்டுவரும் முறை அது. முதல் கர்ப்பம் என்றால் 36 வாரத்திலிருந்தும், உங்களைப் போல் ஏற்கெனவே பிரசவித்தவர்களுக்கு 37 வாரத்திலிருந்தும் செய்வார்கள். கருப்பையைத் தளர்த்த மருந்து கொடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, முன்னும் பின்னும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து, அவசர அறுவைக்கு வசதியுள்ள இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேருக்குப் பலன் கிடைக்கிறது. இரண்டாவது கர்ப்பத்தில் நூற்றுக்கு அறுபது வரை. சிறிது நேரம் வலிக்கும். உடனடியாக சிசேரியன் செய்ய வேண்டிய நிலை ஏறக்குறைய இருநூற்றில் ஒருவருக்கு வரும். நஞ்சுக்கொடி வழியை மறைத்திருந்தாலோ, அண்மையில் இரத்தப்போக்கு இருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ இதைச் செய்யக் கூடாது. உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதற்கான ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

குழந்தை திரும்பவில்லை என்றால்தான் உங்கள் கேள்விக்கே வருகிறோம். 26 நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. குழந்தை இறப்பதோ கடுமையாகப் பாதிக்கப்படுவதோ திட்டமிட்ட சிசேரியனில் 1.6 சதவீதமாகவும், திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 5 சதவீதமாகவும் இருந்ததாக அது காட்டவே, உலகின் பல பகுதிகளில் இந்தப் பிரசவம் பார்ப்பதையே மருத்துவர்கள் கைவிட்டார்கள். அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் பார்த்தபோது, இறப்பிலும் வளர்ச்சிக் குறைபாட்டிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் எட்டாயிரத்துக்கும் அதிகமான பெண்களைக் கவனித்து 2006இல் வெளியான ஆய்வில், தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்து, பழகியவர்கள் பார்த்த இடங்களில் இரண்டு வழிகளின் முடிவுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இன்று பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல் தரும் கணக்கு இது: குழந்தை இறக்கும் வாய்ப்பு, 39 வாரத்துக்குப் பின் திட்டமிட்டுச் செய்யும் சிசேரியனில் இரண்டாயிரத்தில் ஒன்று, பிட்டம் முதலில் வரும் திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் ஆயிரத்தில் இரண்டு, தலை முதலில் வரும் பிரசவத்தில் ஆயிரத்தில் ஒன்று. வேறுபாடு உண்மையானது, ஆனாலும் அது சிறியது.

உங்கள் குழந்தையின் நிலை, பிட்டம் கீழிருக்கும் நிலைகளில் ஓரளவு சாதகமானது. கால்கள் மேலே நீண்டிருக்கும்போது பிட்டம் வழியை நன்றாக அடைத்துக்கொள்வதால் தொப்புள்கொடி முன்னால் நழுவி விழுவது அரிது. பாதம் முதலில் இறங்கும் நிலையில் அந்த ஆபத்து பல மடங்கு கூடும். அதில் சிசேரியனே வழி. குழந்தையின் எடை 3.8 கிலோவைத் தாண்டும் என்று கணித்தாலும், வளர்ச்சி குன்றியிருந்தாலும், ஸ்கேனில் கழுத்து பின்னால் நிமிர்ந்து தெரிந்தாலும் சுகப்பிரசவத்துக்கு முயல வேண்டாம். பிரசவ வலியும் தானாக வர வேண்டும். மருந்து கொடுத்து வலியை வரவழைப்பது பொதுவாக நல்லதல்ல. வலி வந்தபின் முன்னேற்றம் நின்றுவிட்டால் இழுத்துக்கொண்டிருக்காமல் அறுவைக்கு மாற வேண்டும். முதலில் சொன்ன பெரிய ஆய்வில், சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கடைசியில் சிசேரியனில்தான் முடிந்தது.

சிசேரியனுக்கும் ஒரு விலை உண்டு. அதன் பெரும்பகுதியைச் சுமப்பது அடுத்த கர்ப்பம். தழும்பின் மேல் நஞ்சுக்கொடி ஒட்டி ஊடுருவும் ஆபத்து ஒவ்வொரு அறுவையோடும் ஏறும். இந்தக் குழந்தையோடு போதும் என்று நினைப்பவருக்கும், இன்னும் இரண்டு குழந்தைகள் வேண்டும் என்பவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே. உங்கள் விருப்பத்தை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அவரிடம் இதையும் நேராகக் கேளுங்கள்: "என் பிரசவ நேரத்தில், நள்ளிரவு என்றாலும், இப்படிப் பிரசவம் பார்த்துப் பழகியவர் ஒருவர் கட்டாயம் இருப்பாரா?" தயக்கமில்லாமல் "இருப்பார்" என்ற பதில் வந்து, அவசர அறுவைக்கும் பச்சிளம் குழந்தைச் சிகிச்சைக்கும் ஏற்பாடு இருந்தால், உங்கள் விருப்பம் நியாயமானதே, நானும் அதை ஆதரிப்பேன். பதில் மழுப்பலாக வந்தால், 39 வார சிசேரியனை மனநிறைவோடு ஏற்றுக்கொள்ளுங்கள். தன்னால் முடியாததை முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லும் மருத்துவர் உங்களுக்கு நல்லதே செய்கிறார்.

எதை முடிவு செய்தாலும், பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம், உடனே புறப்படுங்கள். தொப்புள்கொடி வெளியே தெரிந்தாலோ தட்டுப்பட்டாலோ அதைத் தொடாமல், முழங்காலும் மார்பும் தரையில் படும்படி இடுப்பை உயர்த்திக் குனிந்து, அவசர உதவியை அழையுங்கள். சிசேரியன் நாளன்று அறுவை அரங்குக்குள் போகுமுன் இன்னொரு முறை ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் தானாகத் திரும்பிவிடும் குழந்தைகளும் உண்டு.

குழந்தை எந்த வழியில் பிறந்தாலும், ஆறு வாரத்துக்குள் அதன் இடுப்பு மூட்டுகளை ஸ்கேன் செய்துவிடுங்கள். பிட்டம் கீழே இருந்த குழந்தைகளுக்கு, அதிலும் கால்களை நீட்டியிருந்தவர்களுக்கு, மூட்டு குழியில் சரியாகப் பொருந்தாமல் போவது மற்றவர்களைவிட அதிகம். முதல் மாதங்களில் தெரிந்தால் பட்டை அணிவித்தே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். நடக்கத் தொடங்கிய பிறகு தெரிந்தால் அறுவை வரை போக நேரிடும்.