அரிசிக் கணக்கில் குறைந்த 3 கிலோ

கேள்வி: எனக்கு வயது 42. கடலூர் முதுநகரில் சொந்த வீடு. தனியார் கம்பெனியில் மாதம் 19,500 ரூபாய் சம்பளம். மனைவி, 2 பிள்ளைகள், 67 வயதான அம்மா. ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ரூபாய்க்கும் நோட்டில் கணக்கு எழுதி, நோட்டைச் சமையலறைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். செலவு கூடினால் சிவப்பு மை, குறைந்தால் பச்சை மையில் டிக். வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடத்தில் கீரை, கத்தரி, வெண்டை போட்டிருக்கிறோம். போர் தண்ணீர் உப்பு என்பதால் அம்மா தெருக்குழாயில் குடம் பிடித்து ஊற்றுகிறார். காய்கறிச் செலவு 900 ரூபாயிலிருந்து 340 ஆகிவிட்டது. 2 மாதமாக அம்மா ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டார், பசிக்கவில்லையாம். அதனால் கடையில் வாங்கும் அரிசியும் 3 கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் மனைவிதான் ஒத்துழைப்பதில்லை. போன வாரம் கணக்கில் காட்டாமல் 100 ரூபாய்க்கு நெத்திலி வாங்கிவிட்டாள். காய்கறிச் செலவை ஜீரோ ஆக்குவது எப்படி? மனைவிக்குச் சிக்கனத்தை எப்படிப் புரியவைப்பது? மார்ச் மாதக் கணக்குப் பக்கத்தின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, காய்கறிக் கதையை அப்புறம் பேசலாம். நெத்திலியையும் அப்புறம் பேசலாம். உங்கள் அம்மா 2 மாதமாக ராத்திரியில் சாப்பிடவில்லை. அதை நீங்கள் ஒரு வரியில் எழுதி, அந்த வரியையும் அரிசி குறைந்ததில் கொண்டுபோய் முடித்திருக்கிறீர்கள். நகலில் பார்த்தேன், அரிசிக்கு நேரே பச்சை மையில் டிக் போட்டிருக்கிறீர்கள்.

வீட்டுச் செலவைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இப்படி ஒரு 'பசிக்கவில்லை' இருக்கும். பெரும்பாலும் அம்மாவுக்கு, சில வீடுகளில் மனைவிக்கு. பள்ளிக்கூடம் போகிற பையனுக்கோ சம்பளம் வாங்குகிறவருக்கோ பசிக்கவில்லை என்று ஒரு கடிதமும் எனக்கு வந்ததில்லை.

ஜனவரியில் நோட்டு சுவருக்கு வந்தது. பிப்ரவரியில் அம்மாவுக்குப் பசி போய்விட்டது. கணக்குப் போடத் தெரிந்த உங்களுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையா? அந்த நோட்டு தொங்குகிற சுவருக்குக் கீழேதான் அவர் தட்டு எடுக்க வேண்டும். எந்த மை எதற்கு என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஒருவேளை நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். அவருக்கு நிஜமாகவே பசி இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அது இன்னும் மோசம். 67 வயதில் 2 மாதமாகப் பசி இல்லை என்றால் அது நோய்க்கான அறிகுறி. பல் வலியிலிருந்து வயிற்றுக் கோளாறு வரைக்கும், மனக்கவலை வரைக்கும் எதுவும் காரணமாக இருக்கலாம். உங்கள் கணக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது: 'அம்மா சுகர், பிரஷர் மாத்திரை, வீட்டுக்கே வருகிறது, செலவு 0'. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாசலுக்கு வருவது நல்ல விஷயம். ஆனால் சில சுகர் மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் ரத்தத்தில் சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். தூக்கத்தில் வந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. ராத்திரி அவர் அந்த மாத்திரையைப் போடுகிறாரா இல்லையா என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அது இல்லை. நெத்திலியின் விலை இருக்கிறது.

சரி, நீங்கள் கணக்குப் பிடித்தவர், கணக்காகவே சொல்கிறேன். ஒரு வயதானவர் ஒரு வேளைக்குச் சாப்பிடுவது 100 கிராம் அரிசி. மாதத்துக்கு 3 கிலோ. கிலோ 60 ரூபாய் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக 180 ரூபாய், ஒரு ராத்திரிக்கு 6 ரூபாய். அதே பக்கத்தில் ஏழு வரி கீழே 'வெளிச்செலவு, டீ, டிபன், 1,650' என்று இருக்கிறது. அது உங்களுடையது. அதற்குச் சிவப்பு மை இல்லை. நாள் முழுக்க வேலை செய்கிற மனிதர் டீ குடிக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வரியும் ஒரே பக்கத்தில், ஒரே கையெழுத்தில் இருக்கும்போது கண் எப்படித் தாண்டிப் போனது?

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். அந்தக் கார்டில் உங்கள் அம்மாவின் பெயரும் இருக்கிறது, அவருக்கும் சேர்த்துத்தான் அளந்து போடுகிறார்கள். அரசாங்கம் அவர் பங்கை அவருக்குக் கொடுத்துவிட்டது. உங்கள் நோட்டு அதைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

உங்கள் கணக்கில் ஒரு செலவு என் மனதுக்குப் பிடித்திருந்தது. வடலூர் தருமசாலைக்கு அரிசி வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். வள்ளலார் 1867 மே மாதம் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. யார் வந்தாலும் சோறு. அந்த அடுப்புக்கு ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறோம் என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்கெல்லாம் பெருமை. நீங்கள் கொடுத்தது நல்ல காரியம், தொடர்ந்து கொடுங்கள். ஆனால் பெற்றவள் தட்டு காலியாக இருக்கிற வீட்டிலிருந்து போகிற அரிசியை நான் தருமம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். முதலில் வீட்டுக்குள் இருக்கிற வயிறு.

உங்களைத் திட்டுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 2011 டிசம்பர் 30 தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பு ஒரே காலையில் சாய்ந்தது. பலா மரமும் போனது. புதிதாக வைக்கிற முந்திரி ஒட்டுக்கன்று பலன் தர எப்படியும் மூன்று நான்கு வருடம் ஆகும். அந்த வருடங்களில் நானும் உங்களைப் போல நோட்டு எழுதினேன். என் மாமியார் காலையில் பழையதோடு நிறுத்திக்கொள்ள ஆரம்பித்தார். மத்தியானம் கேட்டால் 'வயிறு மந்தமா இருக்கும்மா' என்பார். நானும் நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது. பொங்கலுக்குப் புது ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் பழையதை எடுத்தபோது அது அவர் தோளில் நிற்காமல் நழுவியது. அன்றைக்கே நோட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். ஆனால் அதற்குள் ஒரு வருடம் போயிருந்தது. அந்த ஒரு வருடத்தை அவருக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உங்களுக்கு 2 மாதம்தான் ஆகியிருக்கிறது.

இப்போது தோட்டத்துக்கு வருகிறேன். காய்கறிச் செலவு 560 ரூபாய் குறைந்ததற்கு யார் காரணம் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் விதை வாங்கிக் கொடுத்தீர்கள். ஏப்ரல் வெயிலில் தெருக்குழாயிலிருந்து குடம் தூக்குவது 67 வயதுப் பெண்மணி. ஒரு குடம் தண்ணீர் 12 கிலோவுக்குக் குறையாது. ஒரு நாளைக்கு எத்தனை குடம்? களை எடுப்பது யார், பூச்சி பொறுக்குவது யார்? வெளியாள் வைத்தால் என்ன கூலி கேட்பார்கள் என்று விசாரித்து, அதை வரவுப் பக்கத்தில் அம்மா பேரில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் உடம்பால் அதிகம் உழைக்கிறவர் அவர். ராத்திரி பட்டினியாகப் படுப்பவரும் அவர்.

காய்கறிச் செலவை ஜீரோ ஆக்க முடியாது, அந்த எண்ணத்தை விடுங்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு வாங்கித்தான் ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் பெய்கிற மழைக்குக் கீரைப் பாத்தி அழுகிவிடும். 2015 நவம்பர் வெள்ளத்தையும், 2024-ல் பெஞ்சல் புயலுக்குப் பிறகு பெண்ணையாறு பெருகி வந்ததையும் பார்த்த ஊர் நம்முடையது. அந்த இரண்டு மாதத்துக்குக் காய்கறிக்கென்று தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

ஒரு சென்ட் என்றால் 435 சதுர அடி. ஐந்து பேருக்கு வாரம் நாலு நாள் கீரைக்குத் தாராளமாகப் போதும். நாலடி அகலத்துக்கு மேல் பாத்தி வேண்டாம், இரண்டு பக்கமும் நின்றபடியே கை எட்டும், மண்ணை மிதிக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் முற்றிவிடும், பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக விதையுங்கள். முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் அறுத்தால் திரும்பத் திரும்ப வரும். துறைமுகப் பக்கத்து மணல் தண்ணீரை நிறுத்தாது. மாட்டு எருவும் மக்கிய குப்பையும் கலக்கக் கலக்கத்தான் பிடிப்பு வரும். செடிக்கடியில் காய்ந்த சருகையும் தென்னந் தும்பையும் பரப்பி வைத்தால் ஊற்றுகிற தண்ணீர் பாதியாகக் குறையும். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எதையும் சாக்கடையில் விடாதீர்கள்.

இந்தக் கோடையில் புதிதாக ஒன்றும் விதைக்க வேண்டாம். முருங்கை, கறிவேப்பிலை, பாத்திரம் கழுவும் இடத்தோரம் ஒரு பொன்னாங்கண்ணி, இவை உயிரோடு இருந்தால் போதும். ஆடிப்பட்டத்தில் மறுபடி தொடங்குங்கள். அப்போது ஒரு பாத்தி முழுக்கக் காராமணி போடுங்கள், மணலில் நன்றாக வரும். பிஞ்சைப் பொரியல் செய்யலாம், முற்றியதைக் காயவைத்துப் பயறாக எடுத்து வைக்கலாம். உங்கள் கணக்கில் எனக்குக் கண்ணில் பட்ட பெரிய ஓட்டை பயறும் முட்டையும் மீனும் போதாததுதான். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கிலோ துவரம் பருப்பை வைத்தே ஐந்து பேருக்கு மாதம் முழுக்க ஓட்டியிருக்கிறீர்கள். வளர்கிற இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கீரை மட்டும் பசியாற்றாது. இன்னும் இரண்டு கிலோ பயறு வாங்குங்கள். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டால், அந்த 1,650-ல் கைவையுங்கள். இனிமேல் தண்ணீரை நீங்கள் ஊற்றுங்கள், சாயங்காலம் வேலை முடிந்து வந்த பிறகு.

நெத்திலி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிவிடும். அதற்கு முன்பே ஒரு கூறு நெத்திலி வாங்கியவரிடம் நான் குறை காணமாட்டேன். அவர் அதைக் கணக்கில் காட்டவில்லை என்கிறீர்கள். உங்கள் வரவுப் பக்கத்தில் 'மகளிர் உரிமைத் தொகை 1,000' என்று இருக்கிறதே, அது யார் பணம்? 2023 செப்டம்பரிலிருந்து அரசாங்கம் அதைக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் போடுவது, அவர் யாரிடமும் கேட்காமல் செலவழிக்கத்தான். அதை வரவில் இருந்து அடித்துவிடுங்கள். அந்த நெத்திலிக் குழம்பு யார் தட்டில் விழுந்தது என்றும் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடக்கூடிய சின்ன மீனாகப் பார்த்து, உங்கள் கண்ணில் படாமல் வாங்கியிருக்கிறார் என்றால், அந்த வீட்டில் அம்மா சாப்பிடாததைக் கவனித்த ஒரே ஆள் உங்கள் மனைவிதான்.

இன்று ராத்திரியே அந்த நோட்டைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். கணக்கு எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. உங்கள் மேஜைக்குள் வைத்து எழுதுங்கள், அம்மா கண்ணில் படக் கூடாது. அவரை முதலில் உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். 'ஏன் சாப்பிடல' என்று கேட்டு நிற்காதீர்கள், அதற்கு அவர் சொல்லப்போகும் பதில் உங்களுக்கே தெரியும். சோறு வேண்டாம் என்றால் இரண்டு இட்லி, இல்லை ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ். இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு, மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு அரசு தலைமை மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிப் போங்கள். மனைவியைத் துணைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் வேலைக்குப் போய்விடாதீர்கள். எடை பார்க்கச் சொல்லுங்கள், ராத்திரி சாப்பிடாமல் மாத்திரை போட்டிருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த கடிதத்தில் கணக்குப் பக்கம் வேண்டாம். அம்மாவின் எடை எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.