சொல்லின் சகவாசம்

அன்புள்ள அம்மா,

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தைத் தேற்றிக்கொள்ள ஒரு ஆப்பில் தினமும் பத்து வார்த்தை மனப்பாடம் செய்கிறேன். போன வாரம் எங்கள் மேனேஜருக்குப் பிரிவு உபசாரம். அவர் நேரம் தவறாதவர் என்பதைப் பாராட்டி எழுதும்போது ‘நொட்டோரியஸ்’ என்று போட்டுவிட்டேன். ‘பரவலாக அறியப்பட்ட’ என்றுதான் ஆப்பில் இருந்தது. மெயில் எல்லோருக்கும் போய்விட்டது. மதியம் வரை சிரித்தார்கள். ஒரு வார்த்தையின் பொருளையும் பயன்பாட்டையும் சரியாகக் கற்றுக்கொள்வது எப்படி? ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை படிக்கலாம்? ஆங்கிலம்–தமிழ் அகராதி நல்லதா, ஆங்கிலம்–ஆங்கிலமா? எனக்கு 27 வயது. இனிமேல் வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

27 வயதில் ‘இனிமேல் வருமா’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. அடுத்த கேள்விக்குப் போகலாம். எத்தனை வார்த்தை என்பதும் ஒரு கேள்வியே அல்ல. பத்தில் ஒன்பது மறுநாளே மறந்துபோகும். மறக்காமல் நின்ற ஒன்றுதான் உங்களை மாட்டிவிட்டிருக்கிறது.

சிரித்தவர்களை விடுங்கள். தெரிந்த நாலு வாக்கியத்தை வைத்துக்கொண்டு காலம் முழுக்க மெயில் அனுப்புகிறவர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு. அவர்களுக்குத் தப்பே வராது. உங்களைத் திட்ட வேண்டியது வேறு விஷயத்துக்கு. ‘ஃபேமஸ்’ உங்களுக்குத் தெரியும்தானே? ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரியும். அதைப் போடாமல் ஏன் புதுச்சொல்லைத் தேடினீர்கள்? படித்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசை. அந்த ஆசை தப்பில்லை, ஆனால் அதற்கு ஒருவருடைய பிரிவு உபசாரக் கடிதமா கிடைத்தது?

சரி, ஆப் சொன்னது பொய்யில்லை. அந்தச் சொல்லுக்குப் பரவலாக அறியப்பட்ட என்பதுதான் அடிப்படைப் பொருள். நம் ‘பேர்போன’ மாதிரி அது இரண்டு பக்கமும் போகாது, அவ்வளவுதான். அல்வாவுக்குப் பேர்போன திருநெல்வேலி என்கிறோம், பேர்போன திருடன் என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘நொட்டோரியஸ்’ திருடனோடு மட்டும்தான் போகும். நேரம் தவறாமையை அதன் பக்கத்தில் வைத்தால், அந்த மனிதர் மணிக்கணக்குப் பார்த்து உங்கள் உயிரை எடுத்தார் என்று ஆகிவிடும். ஒருவேளை எடுத்தாரோ என்னவோ.

உங்கள் கடிதம் வந்த நாளில் நான் பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கம்போசிங் ஸ்டிக் கிடைத்தது, அச்செழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து வரியாக்கும் சட்டம். அவர் திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர். ஆங்கிலத்தில் எழுத்துகள் மட்டும் தெரியும். ஒரு வாக்கியத்துக்கும் பொருள் தெரியாது. ஸ்டிக்கில் எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கும். அப்படித்தான் அவர் ஆங்கிலம் படித்தார்.

கல்யாணப் பத்திரிகைதான் அங்கே முக்கியமான வேலை. ‘கார்டியலி’ (மனமார) என்று கோத்து முடிக்கும்போதே அவர் கை ‘இன்வைட்’டின் (அழைக்கிறோம்) முதல் எழுத்து இருக்கும் கட்டத்துக்குப் போயிருக்கும், எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்க்க மாட்டார். காரியப் பத்திரிகையில் ‘டிமைஸ்’ (மறைவு) வந்தால் அதற்கு முன்னால் ‘சேட்’ (துயரமான) வந்தாக வேண்டும். இல்லையென்றால் எழுதிக் கொடுத்தவர் விட்டுவிட்டார் என்று தனியாகப் பென்சிலால் குறித்து வைப்பார்.

ஒருநாள் ரிடையரான அதிகாரி ஒருவர், தன் அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தார். அதில் ‘கார்டியலி இன்வைட்’ இருந்தது. வீட்டில் கிடந்த ஏதோ கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து எழுதியிருப்பார். அப்பா காகிதத்தைத் திருப்பி நீட்டினார். “சார், இது கல்யாணத்துல வர்ற வார்த்தை. சாவுல வராது.” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கு இங்கிலீஷ் தெரியுமாய்யா?” “தெரியாது சார். ஆனா இது வராது.” முதலாளி ஓடிவந்து அப்பாவைத்தான் திட்டினார். கறுப்புக் கரை போட்டு, ‘கார்டியலி’யோடுதான் அந்தப் பத்திரிகை அச்சானது. நான் அப்போது ஸ்கூல் விட்டு வந்து அங்கே புரூஃப் காகிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சொல்லை அதன் சகவாசத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று ஜே.ஆர். ஃபிர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1957இல் எழுதினார். அதற்குப் பின்னால் பெரிய வேலைகள் நடந்தன. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் என்பவர் நிஜ எழுத்தையும் பேச்சையும் கணினியில் திரட்டி, ஒவ்வொரு சொல்லும் எதன் பக்கத்தில் உட்காருகிறது என்று பார்த்தார். 1987இல் கோபில்டு அகராதி வந்தது அப்படித்தான். ‘செட் இன்’ என்று ஒரு தொடர் இருக்கிறதே, ஆரம்பித்து நிலைகொள்வது என்று பொருள் போடுவார்கள். எது நிலைகொள்கிறது என்று அவர் பார்த்தபோது பெரும்பாலும் அழுகல், நோய், விரக்தி மாதிரிதான் வந்தது. சந்தோஷம் ‘செட் இன்’ ஆவதில்லை. இதை எந்தப் பத்து வார்த்தைப் பட்டியல் சொல்லித்தரும்? நம் சகவாசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் முன்னால் ‘கெட்ட’ என்று ஒன்று தானாக ஒட்டிக்கொள்கிறது. நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது.

அதனால்தான் பொருளை மட்டும் கொடுக்கும் அகராதிமேல் எனக்கு எரிச்சல். தமிழிலும் சொற்பொருள் அடுக்கிய அகராதிகள் நிறைய உண்டு. ஆனால் 1992இல் இதே சென்னையிலிருந்து க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வந்தபோது, தமிழ்ச் சொல்லுக்கே எடுத்துக்காட்டு வாக்கியம் போட்டிருந்ததைப் பார்த்து, தெரிந்த பாஷைக்கு இது எதற்கு என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். தெரிந்த பாஷை! ‘ஈடுபாடு’க்கு எந்த வேற்றுமை வரும் என்று கேட்டால் விழிப்பார்கள்.

நீங்கள் கேட்டது அகராதி பற்றி. ஆங்கிலம்–ஆங்கிலமே வாங்குங்கள், ஆனால் வெள்ளைக்காரனுக்காக எழுதியது வேண்டாம். அந்நியர்களுக்காகவே ஒரு வகை இருக்கிறது. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஹார்ன்பி, இரண்டு பேரோடு சேர்ந்து தயாரித்து 1942இல் டோக்கியோவில் வெளியிட்டது. 1948இல் ஆக்ஸ்போர்டு அதை எடுத்துப் போட்டது. மாணவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று வகுப்பில் நின்று பார்த்தவர் செய்த புத்தகம். இன்றைக்குக் கிடைக்கும் ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அதன் வாரிசுதான். தமிழ்ப் பொருள் தேவைப்பட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு பாவமும் இல்லை. பொருளைப் படித்ததும் மூடிவிடாமல், கீழே சாய்வெழுத்தில் இருக்கும் வாக்கியங்களை வாய்விட்டுப் படியுங்கள்.

புதிதாக வாங்கக் காசு இல்லையென்றால் திருவல்லிக்கேணி பாரதி சாலையில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. இரண்டு பதிப்பு பழசானாலும் பரவாயில்லை. பேரம் பேசுவதற்கு முன்னால் எஸ் எழுத்துப் பக்கங்கள் முழுசாக இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். அகராதியில் ரொம்ப இடம் பிடிப்பது அந்த எழுத்துதான், பைண்டிங் விட்டால் கொத்தாகப் போய்விடும்.